மெல்பின் பேசியது

பம்பாய்
9.12.1995

அன்புள்ள மேரிக்குட்டிக்கு,

நாம் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் நான்கு வருடமாக உங்கள் பெயர் என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. மெல்பின் எதைச் சொன்னாலும் "எங்கக்கா" என்றுதான் தொடங்குவான். நான் அவனுடைய ஆராய்ச்சி வழிகாட்டி. என் பெயரையும் அவன் சொல்லியிருப்பான். நீங்கள் மலையாள ஊர்க்காரர் என்றாலும், சிறுவயதில் எல்லைக்கு இந்தப் பக்கம் நீரோடியில் உங்கள் அம்மா பிறந்த வீட்டில் தங்கித் தமிழ்ப் பள்ளியில் படித்தவர் என்று அவன் சொல்லக் கேட்டிருக்கிறேன். நானும் அம்பாசமுத்திரத்துக்காரி. அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

உங்கள் தம்பி போய் இன்றோடு பதினைந்து நாள் ஆகிறது. மலை முகாமில் வந்தது சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அது மலேரியா என்றும், மூளைக்கு ஏறிவிட்டது என்றும் தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. எங்களால் முடிந்ததெல்லாம் செய்தோம். கூடப் படிக்கும் பரமசிவன் கடைசிவரை ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்திலேயே இருந்தான்.

அடக்கத்துக்கு நான் வரவில்லை. முகாமைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாமல் போயிற்று. மன்னிக்க வேண்டும்.

அவனுடைய பெட்டியை ரயில் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். துணிமணி, கம்பளி, ஜெபமாலை, டேப்ரிக்கார்டர், புத்தகங்கள் எல்லாம் இருக்கின்றன. ஆராய்ச்சிக் குறிப்பேடுகளை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

உங்கள் அப்பாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ப. மங்கையர்க்கரசி


திருப்புறம்
14.1.1996

மரியாதைக்குரிய மேடம் அவர்களுக்கு,

கர்த்தரின் கிருபையால் நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம்.

பெட்டி வந்து சேர்ந்தது. அப்பா அதைத் திறக்க விடவில்லை. பத்து நாள் கழித்து அவரே திறந்து, கம்பளியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இந்த ஊர் வெயிலுக்கு யாரும் கம்பளி போர்த்த மாட்டார்கள்.

எனக்குப் பதினாறு வயதாகும்போது அம்மா போனாள். அப்போது மெல்பினுக்கு ஆறு வயது. நான்தான் வளர்த்தேன். பிறகு நெய்யாற்றின்கரை டெலிபோன் எக்சேஞ்சில் எனக்கு வேலை கிடைத்தது. இப்போதும் அங்கே வெளியூர் அழைப்புகளுக்கான டிரங்க் போர்டில்தான் இருக்கிறேன். பகல் முழுக்க யாருக்கோ யாரையோ இணைத்துக் கொடுக்கிற வேலை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அடக்கத்துக்கு வந்த உங்கள் ஆபீஸ் சார் இங்கிலீஷில் கொஞ்சம் பேசினார். ஒருவருக்கும் விளங்கவில்லை. அன்றைக்கு மாலையில் அப்பா என்னிடம், "எட்டீ, அவன் அந்த மலமேல என்னத்த ஆக்கும் செய்துகிட்டு இருந்தான்?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நட்சத்திரத்தைப் பார்க்கிறான் என்றுதான் இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். அவன் லீவுக்கு வந்தால் கடற்கரையில் உள்ளவர்கள் சுற்றி நின்று, "எலே, கடல் என்னைக்கு அடங்கும், பாத்துச் சொல்லு" என்று கேலி செய்வார்கள். அவன் சிரித்துக்கொண்டே ஏதாவது ஒரு நாளைச் சொல்வான்.

அப்பாவுக்குப் புரிகிற மாதிரி எழுதினால் நான் படித்துக் காட்டுவேன்.

நீங்கள் வரவில்லை என்பதில் அப்பாவுக்கு வருத்தம் உண்டு. நான் மறைக்கவில்லை.

தங்கள்,
ஜோ. மேரிக்குட்டி


பம்பாய்
2.2.1996

அன்புள்ள மேரிக்குட்டிக்கு,

உங்கள் அப்பாவுக்காக எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தவரை எளிதாகச் சொல்கிறேன்.

வானத்தில் நண்டு நெபுலா என்று ஒன்று இருக்கிறது. வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தின் மிச்சம். அங்கிருந்து காமாக் கதிர்கள் புறப்பட்டு வருகின்றன. கண்ணுக்குத் தெரியாது, தரைக்கும் வந்து சேராது. நமக்கு மேலே உள்ள காற்றில் மோதி அழிந்துவிடும். அழியும்போது மங்கலாக ஒரு நீல வெளிச்சம் தோன்றும். கண் இமைக்கும் நேரத்தைப் பல கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு துளி நேரம்தான் அது நிற்கும். மலைமேல் வரிசையாகக் கண்ணாடிகளை நிறுத்தி அந்த வெளிச்சத்தைத்தான் மெல்பின் பிடித்தான். நிலா இருந்தால் அது தெரியாது. அதனால் மாதத்தில் பாதி நாள்தான் வேலை. அதிலும் மேகம் இல்லாத குளிர்காலம்தான் எங்களுக்குக் காலம்.

இதில் கஷ்டம் என்னவென்றால், வேறு துகள்கள் காற்றில் மோதினாலும் இதே மாதிரி வெளிச்சம் வரும். ஆயிரம் வெளிச்சத்தில் ஒன்றுதான் நமக்கு வேண்டியது. அந்த ஒன்றைத் தனியாகப் பிரிப்பதற்கு மெல்பின் ஒரு நல்ல வழி கண்டுபிடித்தான். அதுதான் அவன் முனைவர் பட்டத்துக்கான ஆராய்ச்சி.

என்னிடம் வரும் மாணவர்களை முதல் வருடம் முழுக்கக் கண்ணாடி துடைக்கவும் அளக்கவும் விடுவேன். மெல்பின் ஒரே அளவை ஏழு தடவை எடுத்துக் கொடுத்தான். எட்டாவது தடவை சரியென்றேன். இரண்டாம் வருடம் ஊருக்குப் போனவன் மூன்று மாதம் திரும்பவில்லை. இனிப் போக மாட்டேன் என்றானாம். நீங்கள் சண்டை போட்டு ரயில் ஏற்றி விட்டதாக அவனே சொன்னான். அன்று நீங்கள் அனுப்பியிராவிட்டால் இந்த ஆராய்ச்சி இல்லை.

போன அக்டோபரில் இன்னொரு சூரியனைச் சுற்றும் ஒரு கிரகத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. முகாமில் எல்லோருக்கும் அதே பேச்சு. மெல்பின் என்னிடம் வந்து, "மேடம், அந்த வேலைக்கு நிலா இருந்தாலும் பரவாயில்லையாமே, அதுக்கு மாறிடட்டுமா?" என்றான். விளையாட்டுக்குத்தான். நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

ஐந்து அத்தியாயத்தில் நான்கை எழுதி முடித்திருக்கிறான். ஐந்தாவதுக்கான கணக்கெல்லாம் குறிப்பேடுகளில் உள்ளது. அதைத் தொகுத்து அவன் பெயரில் சமர்ப்பிக்கப் பல்கலைக்கழகத்திடம் அனுமதி கேட்டேன். அப்பாவின் சம்மதக் கையொப்பம் வேண்டும் என்கிறார்கள். படிவம் இத்துடன் இருக்கிறது. அவர் கையெழுத்திட்டு அனுப்பினால் அவன் டாக்டர் மெல்பின் ஆகிவிடுவான்.

அன்புடன்,
ப. மங்கையர்க்கரசி


திருப்புறம்
17.4.1996

மேடம் அவர்களுக்கு,

ஈஸ்டர் கழிந்த வாரம் பரமசிவன் இங்கே வந்திருந்தார். மெல்பினின் போட்டோக்கள் சிலவற்றைக் கொண்டுவந்தார். நல்ல பிள்ளை. மீன்குழம்பு சாப்பிட மாட்டார் என்று தெரியாமல் வைத்துவிட்டேன். வெறும் சோற்றைத் தின்றார்.

உங்கள் கடிதத்தை நான் வாசித்துக் காட்டிய நாள்முதல் அப்பாவுக்குக் கொஞ்சம் தெளிச்சல் வந்திருந்தது. ஆயிரத்தில் ஒன்றைப் பிரிக்கிற வேலை என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பரமசிவன் முன்னால் படிவத்தை எடுத்து வைத்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று அவரிடமே கேட்டார். பரமசிவன் இடத்தைக் காட்டினார். காட்டிக்கொண்டிருக்கும்போதே பரமசிவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"அவன் ஊருக்குப் போகணும்னு கேட்டான் ஐயா" என்றார்.

"ஆருகிட்ட?"

"மேடம்கிட்ட. காய்ச்சல் வந்த மூணாம் நாள், போன் போட்டு."

"அவிய என்ன சொன்னாவ?"

"வேண்டாம்னுட்டாங்க ஐயா."

அப்பா பேனாவை மூடினார். படிவத்தை நாலாக மடித்து என் கையில் தந்தார். "இதுல எனக்க பேரு விழாது" என்றார். பரமசிவன் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

உங்கள் கடிதம் இரண்டிலும் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. எங்களால் முடிந்ததெல்லாம் செய்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதிகம் படித்தவள் அல்ல. ஒன்று மட்டும் கேட்கிறேன். அவன் கேட்டானா, நீங்கள் விடவில்லையா? ஆமா, இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும்.

மேரிக்குட்டி


பம்பாய்
28.4.1996

அன்புள்ள மேரிக்குட்டிக்கு,

ஆமாம். கேட்டான். நான் விடவில்லை.

ஒரு வரி போதும் என்றீர்கள். அதற்குமேல் எழுதுவதைப் படிப்பதும் படிக்காததும் உங்கள் விருப்பம்.

நவம்பர் 20, திங்கட்கிழமை, மலையடிவாரத் தபால் ஆபீசிலிருந்து கூப்பிட்டான். இருட்டு நாள் இன்னும் எட்டு இருக்கிறது, அது முடிந்ததும் போகலாம் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் எனக்கு அது ஞாபகம்கூட இல்லை. புதன்கிழமை மாலை பரமசிவன் கூப்பிட்டு, அவனுக்கு நினைவில்லை, ஜீப்பில் கொண்டுபோகிறோம் என்றபோதுதான் ஞாபகம் வந்தது.

நான் மாணவியாக இருந்தபோது ஆராய்ச்சிக்கு வந்த பெண் நான் ஒருத்திதான். மலைக்குப் பெண்கள் ஆகாது என்று என் வழிகாட்டி எல்லோர் முன்னாலும் சொன்னார். நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு நான்கு நாள் நின்று வேலை செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பிறகு அவருக்குத் தெரிந்து, என்னைத் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டிக்கொடுத்தலை இருபத்தைந்து வருடம் பத்திரமாக வைத்திருந்தேன். பயிற்சி என்றால் அதுதான் என்று நம்பினேன். என் மாணவர்கள் ஏழு பேரையும் அப்படித்தான் வளர்த்தேன். ஐந்து பேர் பட்டம் வாங்கிப் பெரிய வேலைகளில் இருக்கிறார்கள். அவர்களைக் காட்டி என் வழி சரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் விசாரித்தார்கள். யார் மேலும் தவறில்லை என்று எழுதினார்கள். நான் அந்தத் தொலைபேசிப் பேச்சை எழுதிக் கொடுத்தேன். "இது எதற்கு மேடம்" என்று திருப்பித் தந்துவிட்டார்கள்.

முகாமைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அடக்கத்துக்கு வரவில்லை என்று எழுதினேன். அது பொய். முகாமை அன்றே மூடிவிட்டோம். உங்கள் அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து வரவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனால் கையொப்பம் எனக்காக அல்ல. என் பெயர் அந்த ஆய்வேட்டில் இருக்கக் கூடாது என்றால் எடுத்துவிடுகிறேன். அவன் பெயர் இருக்கட்டும்.

ப. மங்கையர்க்கரசி


பம்பாய்
5.9.1996

அன்புள்ள மேரிக்குட்டிக்கு,

நான்கு மாதமாகப் பதில் இல்லை. பதில் கேட்டு எழுதவில்லை. நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஐந்தாவது அத்தியாயத்தைத் தொகுத்து முடித்துவிட்டேன். என் வாக்கியம் ஒன்றையும் சேர்க்கவில்லை. அவன் குறிப்பேட்டில் எழுதியிருந்ததை அப்படியே கோத்திருக்கிறேன். ஓரிடத்தில் ஒரு கணக்கு தப்பாக இருக்கிறதென்று நினைத்து மூன்று நாள் உட்கார்ந்தேன். கடைசியில் பார்த்தால் தப்பு என்னுடையது. அவன் போட்டதே சரி.

இனிப் புதிய மாணவர்களை எடுப்பதில்லை என்று நிலையத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பரமசிவனை வேறொரு வழிகாட்டியிடம் மாற்றிவிட்டேன். அவன் என் அறைக்கு வந்து, நான் திருப்புறத்தில் சொன்னதனால்தானே என்று கேட்டான். நீ சொன்னது நல்லதுதான் என்றேன். நம்பினானா தெரியவில்லை.

ஆய்வேடு என் மேசைமேல் இருக்கிறது. எத்தனை வருடம் ஆனாலும் இருக்கும்.

ப. மங்கையர்க்கரசி


திருப்புறம்
25.11.1996

மேடம்,

நேற்று மெல்பினுக்கு ஆண்டுப் பூசை வைத்தோம். பூசை முடிந்து வந்து இதை எழுதத் தொடங்கினேன். இரண்டு தடவை கிழித்துப் போட்டேன்.

அவன் எனக்கும் போன் செய்தான்.

உங்களைக் கூப்பிட்டதற்கு அடுத்த நாள், செவ்வாய்க்கிழமை, மத்தியானம் இரண்டு மணி. வீட்டில் போன் இல்லாததால் அவன் எப்போதும் எக்சேஞ்சுக்குத்தான் கூப்பிடுவான். நான் போர்டில் டியூட்டியில் இருந்தேன். டிரங்க் கால் என் கை வழியாகவே வந்தது. நானே எடுத்து நானே பேசினேன்.

"அக்கா, எனக்கு வய்யா. நான் வாறேன்" என்றான்.

"என்ன மக்கா, என்னதுக்கு?"

"காய்ச்சல். தலை பொளக்குது. மேடம் எட்டு நாளு கழிஞ்சு போகச் சொல்லுதாவ. என்னால ஏலாது அக்கா. நான் இன்னைக்கே வண்டி ஏறுதேன்."

அதற்கு இரண்டு வருடம் முன்னால் அவன் திரும்பி வந்து மூன்று மாதம் இருந்தது உங்களுக்கும் தெரியும். அப்போதும் காய்ச்சல் என்று சொல்லித்தான் வந்தான். வந்த பிறகுதான் படிப்பு பிடிக்கவில்லை என்று தெரிந்தது. இதுவும் அதுதான் என்று எண்ணினேன். எக்சேஞ்சில் உள்ளவர்களிடம் எல்லாம் அடுத்த வருடம் என் தம்பி டாக்டர் என்று சொல்லி வைத்திருந்தேன். அவனுக்காகவே வேண்டாம் என்று வைத்த காரியங்கள் எனக்கும் உண்டு. அது ஒரு சொத்து மாதிரி என் மனதில் இருந்தது.

"மேடம் சொல்லுதத கேளு மக்கா" என்றேன். "எட்டு நாளு தானே. பாதியில வந்து நின்னா நாட்டுக்காரங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்? ஒரு மாத்திர போட்டுட்டு கெட."

அவன் பேசவில்லை. அந்தப் பக்கத்து ஆபரேட்டர் மூன்று நிமிடம் ஆயிற்று என்றாள். இன்னும் மூன்று நிமிடம் கொடு என்று ஒரு சொல் சொன்னால் போதும். நான் ஆபரேட்டர். தினமும் நூறு பேருக்கு நீட்டிக் கொடுப்பேன். எனக்கு எதிரில், காத்திருக்கிற அழைப்புகளுக்கான நாலு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் வயரைப் பிடுங்கினேன்.

பரமசிவன் இங்கே வந்து உங்கள் பெயரைச் சொன்னபோது எனக்கு என்ன தோன்றிற்று தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. அதன் பிறகு உங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். ஆமாவா இல்லையா என்று கேட்டேன். அதை எழுத எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. உங்கள் பதிலைப் பலமுறை வாசித்தேன். அப்பாவுக்கும் வாசித்தேன். ஊரில் எல்லோரும் உங்களைத்தான் சொல்கிறார்கள். நான் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். ஏழு மாதம்.

கையொப்பம் அனுப்பியிருக்கிறேன். அவனுக்காக என்று கெஞ்சி அப்பாவிடம் வாங்கினேன். மற்றது எதையும் அவரிடம் சொல்லவில்லை. உங்கள் பெயரையும் ஆய்வேட்டிலிருந்து எடுக்க வேண்டாம்.

மேரிக்குட்டி


பம்பாய்
6.12.1996

அன்புள்ள மேரிக்குட்டிக்கு,

கையொப்பம் கிடைத்தது. நேற்றே ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே ஒரு மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். மலேரியாவையே படித்தவர். அவனுடைய தேதிகளை எல்லாம் சொன்னேன். திங்கட்கிழமையே ரத்தம் பார்த்து ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்றார். செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு எதுவும் பயன் தந்திருக்காது என்றார். மலையிலிருந்து உங்கள் ஊருக்கு ரயிலில் இரண்டு நாளுக்கு மேல் ஆகும். நீங்கள் வா என்று சொல்லியிருந்தாலும் அவன் வந்து சேர்ந்திருக்க மாட்டான்.

ஆகவே உங்கள் பேச்சால் நடந்தது ஒன்றுமில்லை. திங்கட்கிழமை ஜீப் முகாமில்தான் நின்றது. என் அனுமதி இல்லாமல் அதை எடுக்க மாட்டார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூன்று மணி நேரத்தில் டவுன் ஆஸ்பத்திரி. இதை என்னுடையதாகவே விட்டுவிடுங்கள். நீங்கள் அவனை வளர்த்தவர். அது போதும் உங்களுக்கு.

அப்பாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம். என்னைத் திட்டுவது அவருக்கு ஆறுதல் என்றால் திட்டட்டும். நான் தூரத்தில் இருக்கிறவள்.

அன்புடன்,
ப. மங்கையர்க்கரசி


திருப்புறம்
10.8.1997

அன்புள்ள மேடம் அவர்களுக்கு,

உங்கள் டிசம்பர் கடிதத்துக்கு இப்போதுதான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளக் கூடாது.

நீங்கள் எழுதியதை நான் நம்பவில்லை. ரயில் ஏற வேண்டுமென்றால் அவன் டவுனுக்கு இறங்கி வந்திருக்க வேண்டும். டவுனில் ஆஸ்பத்திரி உண்டு. ஸ்டேஷனில் விழுந்திருந்தால்கூட யாராவது தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். இதையெல்லாம் நான் போர்டில் உட்கார்ந்து ஆயிரம் தடவை யோசித்தவள். மருத்துவர் அப்படிச் சொன்னாரோ, என்மேல் இரக்கப்பட்டு நீங்கள் எழுதினீர்களோ, கேட்க மாட்டேன். எனக்கு உள்ளதை எனக்கே விட்டுவிடுங்கள் மேடம். உங்களுடையதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டம் போன வாரம் தபாலில் வந்தது. அட்டைக் குழாயைப் பிரித்து அப்பாவின் கையில் கொடுத்தேன். இங்கிலீஷ் அவருக்குத் தெரியாது. எழுத்துகளின்மேல் விரலை வைத்துக்கொண்டு, "வாசி" என்றார். மெல்பின் ஜோக்கிம் என்று வாசித்தேன்.

"எனக்க பேரும் உண்டா?"

"உண்டு அப்பா. அவனுக்க பேருக்குப் பொறத்தால."

வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு, "அந்த மேடத்துக்கு ஒரு எழுத்து எழுது. இவ்வளவும் செய்திருக்காவ, நான் ஏசினது பாவம் ஆக்கும்" என்றார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை, இரண்டு மணி, நாலு விளக்கு, எல்லாம். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"அவனுக்க சத்தம் எப்படி இருந்திச்சு?"

"தளர்ந்துபோய் இருந்திச்சு அப்பா."

"என்ன பறஞ்சான்? முதல்லேருந்து சொல்லு."

சொன்னேன். அவன் சொன்னதையும் நான் சொன்னதையும். முடிந்ததும் எழுந்து கடற்கரைக்குப் போய்விட்டார்.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்ததும், கால் கழுவுமுன்னே, "அவன் பேசினத சொல்லு" என்றார். மறுபடியும் சொன்னேன். அன்றிலிருந்து தினமும் கேட்கிறார். ஏசுவதில்லை. அழுவதும் இல்லை. அவன் பேச்சில் ஒரு சொல்லை நான் விட்டால் அவரே எடுத்துத் தருகிறார். என் பேச்சு வரும்போதும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அதைச் சொல்லாமல் விட முடியாது. விட்டால் அவன் அதற்குப் பிறகு பேசாததற்கு அர்த்தம் வராது.

நேற்று, "மேடத்துக்கிட்டயும் பேசினான்லா. அதுல என்ன பறஞ்சான்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். "கேட்டு எழுது" என்றார்.

அதனால் கேட்கிறேன். திங்கட்கிழமை அவன் பேசியதை முழுவதும் எழுதுங்கள். நீங்கள் பேசியதையும் விடாமல் எழுதுங்கள். எங்களுக்கு இனி அவன் பேச்சு என்று வர வேறு எதுவும் இல்லை.

அன்புடன்,
மேரிக்குட்டி


பம்பாய்
21.8.1997

அன்புள்ள மேரிக்குட்டிக்கு, ஐயா ஜோக்கிம் அவர்களுக்கு,

கேட்டபடி எழுதுகிறேன். திங்கட்கிழமை, காலை பதினொன்றே கால். என் அறையில் இருந்தேன்.

"மேடம், மெல்பின் பேசறேன்" என்றான்.

"சொல்லு. மூன்று நாள் பதிவு எப்படி வந்திருக்கு?" என்றேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

"நல்லா வந்திருக்கு மேடம். இந்த சீசன்ல இப்படி வானம் பார்க்கலே. மூணாவது கண்ணாடியில மட்டும் பனி பிடிக்குது. பரமசிவன் துடைச்சிட்டிருக்கான்."

"அது உன் வேலைதானே?"

"சனிக்கிழமையிலேருந்து காய்ச்சல் மேடம். குளிர் தூக்கித் தூக்கிப் போடுது."

"மாத்திரை போட்டியா?"

"போட்டேன். போட்டா கொஞ்ச நேரம் விடுது. திரும்ப வருது." பிறகு கேட்டான். "மேடம், ஒரு வாரம் ஊருக்குப் போய்ட்டு வரட்டுமா? அக்காவைப் பார்த்தா சரியாப் போயிடும்."

"இருட்டு இன்னும் எட்டு நாள் இருக்கு மெல்பின். இதை விட்டா, அடுத்த மாசம் மேகம் வந்தா, ஒரு வருஷம் போச்சு. நான் நூற்றிரண்டு டிகிரியோட நின்னிருக்கேன், தெரியுமா?"

"தெரியும் மேடம், சொல்லியிருக்கீங்க" என்று சிரித்தான். சிரித்ததும் இருமல் வந்தது. அடங்கும்வரை நான் காத்திருந்தேன். "சரி மேடம். எட்டு நாள்தானே, பார்த்துக்கறேன்" என்றான். பிறகு, "உங்க முழங்கால் வலி இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"பரவாயில்லை."

"நீலகிரித் தைலம் பரமசிவன்கிட்ட சொல்லியிருக்கேன் மேடம், டவுனுக்குப் போறப்ப வாங்கிட்டு வருவான்."

"சரி, வைக்கட்டுமா?"

"மேடம், இன்னொரு விஷயம்..."

"எழுதி அனுப்பு. டிரங்க் கால்ல எல்லாத்தையும் பேசாதே" என்று சொல்லி நான் ரிசீவரை வைத்துவிட்டேன்.

அவன் சொல்ல வந்தது என்ன என்று எனக்குத் தெரியாது. அவன் எழுதி அனுப்பவும் இல்லை. குறிப்பேடுகளில் பக்கம் பக்கமாகத் தேடினேன், அங்கேயும் இல்லை.

மேரிக்குட்டி, அப்பாவுக்கு இதை வாசிக்கும்போது நான் ரிசீவரை வைத்த இடத்தோடு நிறுத்திவிடுங்கள். அவர் மேலே கேட்டாலும் நாமாக ஒன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டாம்.

ப. மங்கையர்க்கரசி